நனைந்த தானியமும் பெண்ணின் படமும்

மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ ஏர்வாடியிலோ ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் முதலில் நடக்கும் காரியம் என்ன? ஒரு காலத்தில் உறவுக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார்கள். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய் விவரம் சொல்வார்கள். இப்போது பெண்ணுக்கு முன்னால் பெண்ணின் படம் புறப்பட்டுவிடுகிறது. உம்மாவின் கைபேசியிலிருந்து மாமியின் கைபேசிக்கும், மாமியிடமிருந்து தரகருக்கும், அங்கிருந்து துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும் பையனுக்கும் அது போய்ச் சேருகிறது.

புறப்படுவதற்கு முன்னால் அந்தப் படத்துக்கு ஓர் ஒப்பனை நடக்கிறது. முகத்தின் நிறம் இரண்டு மூன்று படி வெளுக்கப்படுகிறது. கன்னத்துப் பருவும் நெற்றித் தழும்பும் துடைக்கப்படுகின்றன. தாடை ஒடுங்குகிறது, கண் பெரிதாகிறது. ஸ்டூடியோக்காரர் செய்யாவிட்டால், இன்றைய கைபேசிகள் பல, நாம் கேட்காமலேயே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகின்றன. இதை யாரும் பொய் என்று எண்ணுவதில்லை. வாயால் ஒரு பொய் சொல்லக் கூசுகிற உம்மாமார்கூட, நிறுவையில் ஒரு குன்றிமணி குறைப்பதற்கும் அஞ்சுகிற வாப்பாமார்கூட, இதில் தவறொன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. இது பொய்யா? பொய்யென்றால் யார் யாரிடம் சொல்கிற பொய்? அதன் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது? இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

புகைப்படம் எடுப்பது கூடுமா என்ற மஸ்அலாவை நாம் இங்கே கிளற வரவில்லை. உலமாப் பெருமக்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. தேவைக்கு எடுக்கலாம் என்போர் இருக்கிறார்கள். தவிர்ந்துகொள்வதே பேணுதல் என்போரும் இருக்கிறார்கள். பெண்ணின் படம் அந்நியர் கைகளில் உலவுவது பற்றிய கவலையும் தனியானது. எடுத்துவிட்ட படம் உண்மையைச் சொல்கிறதா என்பதோ இரு சாராருக்கும் பொதுவான கேள்வி.

படத்தைத் திருத்துவது இன்று நேற்று வந்த வித்தையன்று. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகடிவை வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடி மேசையில் சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தின் குழிகளையும் சுருக்கங்களையும் நிரப்புவார்கள். நெகடிவில் எந்த இடத்தில் கறுப்பு ஏறுகிறதோ, அச்சில் அந்த இடம் வெளுக்கும். ‘டச்சிங்’ என்பது அந்த வேலைக்குப் பெயர். 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே, ஜெர்மனியின் மூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஒருவர் ஒரே ஆளின் படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் இரண்டாக வைத்துக் காட்டி எல்லோரையும் வியக்க வைத்திருக்கிறார். 1990இல் ‘போட்டோஷாப்’ என்னும் கணினி நிரல் விற்பனைக்கு வந்த பிறகு, பென்சிலுக்கு ஒரு நாள் பிடித்த வேலை சில நிமிடங்களில் முடியலாயிற்று. கைபேசி வந்த பிறகு அதற்குக் கைத்திறனும் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் எப்படித் திருத்த வேண்டும், எந்த முகத்தை நோக்கித் திருத்த வேண்டும் என்பதை நம் வீடுகளுக்குக் கற்றுக் கொடுத்தது ஸ்டூடியோ அன்று, விளம்பரம். நெல்லை ரத வீதிகளிலும் வண்ணாரப்பேட்டையிலும் நடந்து போனால், ஜவுளி, நகை, அழகுசாதனம் என்று எந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே முகந்தான். அந்த முகம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆயிரத்தில் ஒருத்தியாகத் தேடிப் பிடித்த பெண்ணைக் கொண்டுவந்து, மணிக்கணக்கில் ஒப்பனை செய்து, நிழலே விழாதபடி விளக்குகளை நிறுத்துகிறார்கள். அவள் உடுத்திய துணியின் தொளதொளப்புத் தெரியாதிருக்க முதுகுப் பக்கம் இழுத்துக் கவ்விகள் மாட்டுகிறார்கள். படம் பிடித்த பிறகு கணினியில் தோலின் நுண்துளைகளை அழிக்கிறார்கள், கையையும் இடுப்பையும் ஒடுக்குகிறார்கள், கழுத்தை நீட்டுகிறார்கள், நிறத்தை வெளுக்கிறார்கள். பலகையில் நிற்கும் பெண்ணைப்போல அந்தப் பலகைக்காகப் படம் எடுத்துக்கொண்ட பெண்ணே இல்லை. காலையில் கண்ணாடி பார்க்கும்போது அவளுக்கும் அந்த முகம் தெரியப் போவதில்லை. உலகில் இல்லாத ஒருத்தியை அளவுகோலாக நிறுத்தி, உலகில் உள்ள எல்லாப் பெண்களையும் அதன் பக்கத்தில் நிறுத்திக் குறை காண வைக்கிறார்கள். குறை கண்டால்தானே பொருள் விற்கும்!

இதற்கு நம் நாட்டில் நடந்த பெரிய உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1975இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளுப்பும் அழகும் ஒன்றோடொன்று பிறந்தவை என்று சொல்லாமல் சொல்லும் பெயர் அது. அதன் உறையில் ஒரே பெண்ணின் முகம் கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறுவதாகக் காட்டும் இரட்டைப் படம் இருந்தது. நிறத்தைப் படிப்படியாக அளந்து காட்டும் அட்டையும் இருந்தது. தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், தனக்கு மகன் இல்லையே என்று ஒரு தகப்பனார் ஏங்குவார். கறுத்த மகள் களிம்பைத் தடவி வெளுத்து, விமானப் பணிப்பெண்ணாகி, அவரை உயர்ந்த இடத்துக்கு அழைத்துப் போவாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002இல் இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராகப் புகார் எழுப்பியது. 2003இல் அவை நின்றன. 2009இல் சென்னையிலிருந்து ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு, கறுப்பும் அழகே என்று ஓர் இயக்கம் தொடங்கிற்று. 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு, கறுத்த நிறத்தவர்களைத் திருமணத்திலோ வேலையிலோ தாழ்ந்து போனவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. 2019இல் அந்த இரட்டை முகமும் நிற அட்டையும் உறையிலிருந்து எடுக்கப்பட்டன. 2020இல் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்தபோது, பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லும் போய், ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்றாயிற்று. அதே ஆண்டு ஜூனில் ‘ஷாதி.காம்’ என்ற திருமணத் தகவல் தளமும், தோலின் நிறத்தைக் குறிப்பிட்டுப் பெண் தேடும் வசதியை நீக்கியது.

நாற்பத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்மக்கள் பிறந்து, வளர்ந்து, மணமாகி, பேத்தியும் எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றுவது எளிது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு படம் கண்ணுக்குள் இறக்கி வைத்த அளவை எந்த அச்சகத்தில் போய் மாற்றுவது?

விற்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். படங்கள் திருத்தப்படுவது ஊர் அறிந்த இரகசியந்தானே; எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஏமாறுவது யார்; ஏமாறுபவர் இல்லாத இடத்தில் ஏமாற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயம்போல இருக்கிறது. கல்யாணத்துக்குப் படம் அனுப்பும் வீட்டிலும் இதே பதில்தான்: ‘எல்லோரும் செய்வதுதானே, பார்ப்பவர்களுக்கும் தெரியுமே!’

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். குவியலுக்குள் கையை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். மழை பெய்தது அவர் குற்றமன்று. அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கு மழை பெய்த செய்தி தெரியாதா? மழைக்குப் பிறகு குவியலின் அடியில் ஈரம் இருக்கலாம் என்று ஊகிக்க முடியாதவர்களா அவர்கள்? நாயகம் (ஸல்) அவர்கள் அந்த விசாரணைக்கே போகவில்லை. பொருளின் நிலை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்பதையே கேட்டார்கள். வாங்குபவருடைய ஊகம் விற்பவருடைய கடமையைத் தள்ளுபடி செய்யவில்லை.

அதற்குக் காரணமும் இருக்கிறது. அறிவுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. சூரியன் சுற்றவில்லை, பூமிதான் சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் தினந்தோறும் சூரியன் உதிப்பதாகவே கண் காண்கிறது. பீஜித் தீவில் நடந்ததைக் கேளுங்கள். நம் தமிழர்கள் முன்னாளில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அதே தீவுதான். அங்குள்ள பூர்வகுடி மக்களிடையே சதைப்பிடிப்பான உடலே செழிப்பின் அடையாளம். மெலிந்து போனால் வீட்டில் கவனிப்பில்லை என்று ஊர் பேசும். அத்தீவின் நட்ரோகா மாநிலத்துக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பள்ளிப் பெண்களை அப்போது விசாரித்தார். உடல் இளைப்பதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுப்பவள் ஒருத்திகூட இல்லை. மூன்றே ஆண்டு கழித்து 1998இல் மீண்டும் விசாரித்தபோது, 100க்கு 11 பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் வருவது நாடகம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் கண் தன் அளவை மாற்றிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக நல்ல உடல் என்று கொண்டாடப்பட்ட உடல், மூன்று ஆண்டில் அவர்களுக்கே பாரமாகிவிட்டது.

மேலைநாடுகள் சில இப்போது சட்டம் செய்திருக்கின்றன. இஸ்ரேல் 2012இல் ஒரு சட்டம் இயற்றி, மெலிந்து தெரியுமாறு திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றது. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் பெண்ணின் உடல் அளவைத் திருத்தினால், படம் திருத்தப்பட்டது என்று அச்சிட்டாக வேண்டும். மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல் இதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல முயற்சிகள்தாம், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தகைய குறிப்பைப் படித்த பிறகும் பெண்களின் மனக்குறை பெரும்பாலும் தீர்வதில்லை என்று ஆய்வாளர்கள் பலர் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். குவியலுக்கு மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பிவிட்டு, பக்கத்தில் ‘உள்ளே ஈரம்’ என்று ஒரு சீட்டைக் குத்தி வைத்தாற்போலத்தான் அது. நனைந்ததை மேலே எடுத்து வைக்கும்படியல்லவா அந்த வியாபாரிக்குச் சொல்லப்பட்டது?

அப்படியானால் பெண்கள் அலங்காரமே செய்துகொள்ளக் கூடாதா என்று சில சகோதரிகள் கேட்கலாம். நம் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்ற நபிமொழியை அறியாதார் யார்? மருதோன்றி இட்டுக்கொண்ட கையைப் பார்த்து, இவள் பிறக்கும்போதே சிவந்த விரல்களோடு பிறந்தவள் என்று யாரும் ஏமாறுவதில்லை. சுர்மா இட்ட கண்ணைக் கண்டால் சுர்மா இட்ட கண் என்றே தெரியும். அலங்காரம் தன்னை அலங்காரம் என்று காட்டிக்கொண்டே நிற்கிறது. உடற்குறையைச் சீர் செய்துகொள்வதும் அவ்வாறே. குலாப் என்ற போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தபோது, ஆண்களுக்குப் பொன் ஆகாது என்ற நிலையிலும், பொன்னால் மூக்குச் செய்துகொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்களே சொன்னார்கள். பொன் மூக்கைக் கண்டு அது பிறவி மூக்கு என்று எவரும் நினைக்கப் போவதில்லை!

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. அன்சாரிப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வருகிறார். அவருடைய மகள் புதிதாக மணமானவள். நோய் கண்டு தலைமுடி உதிர்ந்துவிட்டது. வேறு முடியை ஒட்ட வைக்கலாமா என்று தாயார் கேட்கிறார். அவருடைய நிலைமையை எண்ணினால் நம் மனம் உருகுகிறது. ஆனாலும் அனுமதி கிடைக்கவில்லை. ஒட்டுமுடி வைப்பது பற்றிக் கடுமையான எச்சரிக்கையே வந்தது. ஒட்டுமுடியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பொய் என்றே பெயரிட்டு அழைத்ததாக முஆவியா (ரலி) அவர்கள் மதீனாவின் மிம்பரில் நின்று அறிவித்திருக்கிறார்கள். மருதோன்றிக்கு வராத அந்தப் பெயர் ஒட்டுமுடிக்கு வந்தது.

அந்தத் தாயின் இரக்கந்தான் இன்று நம் வீடுகளில் படத்தைத் திருத்தும் தாய்க்கும் இருக்கிறது. மகள் கறுப்பாக இருக்கிறாளே, நாளாகிறதே, தங்கைகள் பின்னால் நிற்கிறார்களே என்ற ஏக்கம் அவளுக்கு. நாம் அதை இகழவில்லை. ஆனால் அந்தத் திருத்திய படத்தை முதன்முதலில் பார்ப்பது யார்? மாப்பிள்ளை வீட்டார் அல்லர், அந்தப் பெண்ணேதான். தன்னைப் பெற்று, பாலூட்டி, தலைவாரி வளர்த்த உம்மா, தன் முகத்தில் எங்கெங்கே திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறாள் என்பதை அவள் அந்தச் சின்னக் கண்ணாடியில் கண்டுகொள்கிறாள். ஊரார் சொல்லியிருந்தால் உம்மாவிடம் வந்து அழுதிருப்பாள். இதை எங்கே போய் அழுவாள்?

கதை அங்கே முடிவதுமில்லை. படத்தைப் பார்த்துச் சம்மதித்தவர்கள் பெண்ணை நேரில் பார்க்கிறார்கள். வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும் முகம் சுருங்குகிறது. நிக்காஹ் முடிந்து புகுந்த வீடு போன பிறகும், படத்தில் பார்த்ததுபோல இல்லையே என்ற பேச்சு மாமியிடமிருந்தோ மைனியிடமிருந்தோ ஒரு நாள் வெளியே வந்துவிடுகிறது. விளம்பரப் பெண்ணோடு ஒப்பிட்டுக் குறைந்து போனவளாவது ஒரு துன்பம். தன் சொந்தப் படத்தோடு ஒப்பிட்டுத் தானே குறைந்து போவது அதனினும் கொடிய துன்பமல்லவா? அந்தப் படத்தைச் செய்தவள் அவள் அல்லள். அனுப்பியவளும் அவள் அல்லள். பதில் சொல்லும் நிலையில் மட்டும் அவள் நிற்கிறாள்.

பத்தமடையில் நம் சமுதாயப் பெண்மக்கள் நெய்யும் கோரைப் பாயைப் பெயர் சொல்லி வாங்குவார்கள். வாங்குபவர் விரித்துப் பார்க்கிறார், திருப்பிப் பார்க்கிறார், துணிபோல மடித்துப் பார்க்கிறார். எங்கே இழை விட்டிருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். படத்துக்கு மறுபக்கம் இல்லை. அந்தப் பாயை நெய்கிற, மேலப்பாளையத்தில் பீடித்தட்டை மடியில் வைத்துக் கொண்டு காலையிலிருந்து மாலை வரை இலை நறுக்கிச் சுருட்டுகிற பெண்ணுக்கு நிறம் எப்படி இருக்கும்? தாமிரபரணிக் கரை வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் நிறமாக இருக்கும். தோலின் கருமை, வெயிலின் தீங்கிலிருந்து உடலைக் காக்கும் குடை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக இறைவன் சூரத்துர் ரூமில் எடுத்துக் காட்டுகிறான். அத்தாட்சி என்று அவன் காட்டியதை நாம் குறை என்று துடைக்கிறோம்.

ஸாஹிர் (ரலி) என்று ஒரு கிராமவாசித் தோழர் இருந்தார்கள். பார்வைக்கு அழகில்லாதவர். மதீனாவின் சந்தையில் தம் பொருளை விற்றுக்கொண்டு நின்றபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து வந்து அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை யார் வாங்குகிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தம்மை விற்றால் விலை போகாது என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் அவர் விலை மதிப்புள்ளவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர் அழகானவர் என்று சொல்லி அவரைத் தேற்றவில்லை என்பதைப் பாருங்கள். இல்லாததைச் சொல்லாமலே அவருடைய மதிப்பைச் சொல்ல முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. சூரத்துல் முதஃப்பிஃபீனின் தொடக்கத்தில், பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, தாம் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களை இறைவன் கண்டிக்கிறான். இது நெல்லுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் வந்த வசனமா? பெண் எத்தனை அடி உயரம், என்ன நிறம், முடி எதுவரை, பல் எப்படி என்று நிறைய நிறைய அளந்து கேட்கிறார்கள். தம் பையனின் தொப்பையையும் வழுக்கையையும் எந்தப் படியில் அளந்து கொடுக்கிறார்கள்? பெண் வீட்டில் படம் திருத்தப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்த அளவுதான். மணமகள் தேவை என்ற விளம்பரங்களில் மார்க்கப்பற்று முதலாவதாகவும், சிவந்த நிறம் இரண்டாவதாகவும் வரும். முதலாவதைச் சோதிக்க யாரும் படம் கேட்பதில்லை.

படத்தில் துடைத்த நிறத்தை உடலிலும் துடைத்தாக வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகிய நிலையில் வந்த 22 நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை நோய். அந்தப் 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்கும் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்பில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலில் நிறம் ஊறுவதைத் தடுக்கும். தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். கேரள அரசு 2023இல் கடைகளைச் சோதித்துச் சட்டத்துக்குப் புறம்பான களிம்புகளைக் கைப்பற்றிற்று. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இப்படியே வெளுப்பு மருந்தாக விற்கப்பட்டு, தோல் மெலிந்து, சிவந்து, எரியும் முகங்களை உண்டாக்கின. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆக்கியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும், தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் தெரியாத டப்பாக்களை உம்மாமார் தயவு செய்து குப்பையில் போட வேண்டும்.

நம் பெண்கள் பர்தா அணிகிறவர்கள், விளம்பர நாகரிகம் நம்மைத் தொடாது என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பர்தாவையே விற்கும் விளம்பரங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். அபாயாவும் ஹிஜாபும் அணிந்து அங்கே நிற்பதும் அதே வெளுத்த, ஒடுங்கிய, துளையில்லாத முகந்தான். மறைப்பதற்கான ஆடையை விற்கவும் அந்த முகம் வேண்டியிருக்கிறது!

இனி, பெண்ணைப் பெற்றவர்களின் நியாயமான கேள்வி. ஊரே திருத்திய படத்தை அனுப்பும்போது நாங்கள் மட்டும் உள்ளதை உள்ளபடி அனுப்பினால் எங்கள் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? இதற்கு இனிப்பான பதில் நம்மிடம் இல்லை. ஒன்றிரண்டு இடங்கள் தட்டிப் போகலாம். நனைந்த தானியத்தை மேலே வைத்த வியாபாரிக்கும் அன்று கூட்டம் குறைந்திருக்கும். ஆனால் தட்டிப் போன அந்த இடங்கள், பெண் நேரில் வந்து நின்ற அன்று முகம் சுருங்கியிருக்க வேண்டிய இடங்கள் என்பதையும் எண்ண வேண்டும். அந்தச் சுருக்கத்தை நிக்காஹுக்கு முன்னால் காண்பது நல்லதா, பின்னால் காண்பது நல்லதா?

தோழர் ஒருவர் அன்சாரிப் பெண் ஒருவரை மணம் பேசியபோது, அவளைப் பார்த்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார். அன்சாரிகளின் கண்களில் ஏதோ ஒன்று உண்டு, போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்று அனுப்பினார்கள். கண்ணில் உள்ளது இன்னதென்று விரித்துப் பேசவில்லை. மூடி வைக்கவும் இல்லை. பார்ப்பதற்கு வழி செய்தார்கள்.

அந்த வழியை முதலில் திறக்க வேண்டியவர்கள் பையனைப் பெற்றவர்கள். படம் வேண்டாம், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினால், பெண் வீட்டில் திருத்துவதற்கே வேலை இராது. பையன் கடல் கடந்து இருக்கிறான், விடுமுறைக்கு வர மாதங்கள் ஆகும் என்றால், போய்ப் பார்த்த உம்மாவும் சகோதரியும் கண்டதை அவனுக்கு வாயால் சொல்லட்டும். படமும் வேண்டும் என்று பெண் வீட்டார் விரும்பினால், பகல் வெளிச்சத்தில் எடுத்து, கைபேசியின் அழகு வசதியை அணைத்துவிட்டு அனுப்பட்டும். பெண் கறுப்பாக இருந்தால், அவள் வயதையும் ஓதலையும் படிப்பையும் எந்தக் குரலில் சொல்கிறார்களோ அதே குரலில், தாழ்த்தாமல், கறுப்பு என்றும் சொல்லட்டும்.